ரோலண்டின் டிபி-303 பேஸ் சின்தசைசரின், வழுக்கிக் கீச்சிடும் 'ஆசிட்' ஒலியை வேறு சின்தசைசரில் கொண்டுவர முடியுமா?

பெருமளவு முடியும். ஆனால் ஃபில்டரை (ஒலியின் மேல் அதிர்வெண்களை வெட்டும் பகுதியை) மட்டும் திருகிக்கொண்டிருந்தால் வராது. 303இன் குணத்தில் பாதி அதன் சீக்வென்சரில், அதாவது ஸ்வரங்களை வரிசையாக வாசிக்கும் பகுதியில், இருக்கிறது.

முதலில் ஒலி. ஒரே ஆசிலேட்டர், சா அலை. 24 டெசிபல் லோ-பாஸ் ஃபில்டர், ரெசனன்ஸ் (வெட்டும் எல்லையைத் தூக்கிக் காட்டுவது) முக்கால் பங்கு. என்வலப்பில் (ஸ்வரம் எழுந்து அடங்கும் விதத்தில்) அட்டாக் 0, சஸ்டெயின் 0, டீகே (அடங்கும் நேரம்) 300 மில்லிசெகண்ட். மோனோ (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்), லெகாட்டோ (ஒட்டி வரும் ஸ்வரங்களுக்கு மட்டும் கிளைடு). கிளைடு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் நேரம்) 60 மில்லிசெகண்ட்.

அடுத்தது ஸ்லைடு. பதினாறு ஸ்டெப்பில் மூன்று, நான்கு இடங்களில் மட்டும் போடுங்கள். அந்த ஸ்வரம் அடுத்தது தொடங்கிய பிறகும் சற்றே நீடிக்க வேண்டும். மற்றவை பாதி ஸ்டெப்பிலேயே நின்றுவிட வேண்டும். கர்நாடக இசையில் ஜாரு என்பார்களே, கிட்டத்தட்ட அது. எல்லா ஸ்வரத்துக்கும் கிளைடு வைத்தால் ஆம்புலன்ஸ் சைரன்தான் கேட்கும். வழுக்கிப் போய்ச் சேரும் ஸ்வரத்தில் என்வலப் மறுபடி தொடங்கினாலும் காரியம் கெட்டது, ரீட்ரிகரை அணைத்துவிடுங்கள்.

ஒரு ஸ்வரத்தை அழுத்திக் காட்டும் அக்சென்ட்தான் கடினம். 303இல் அது சத்தத்தைக் கூட்டுவதோடு டீகேயையும் குறுக்குகிறது. ஒரு கெபாசிட்டர் வழியாக ஃபில்டரையும் மேலே தள்ளுகிறது. அக்சென்ட்கள் அடுத்தடுத்து வந்தால் கெபாசிட்டர் முழுதாக வடிய நேரமிருக்காது. அதனால் இரண்டாவது அடி முதலாவதைவிடக் கூர்மையாகத் தெறிக்கும். வெலாசிட்டியை (விசையை அடிக்கும் வேகம், 127 உச்சம்) ஃபில்டர் என்வலப்போடு இணைத்து, சாதாரண ஸ்வரத்துக்கு 80, அக்சென்ட்டுக்கு 127 கொடுத்தால் ஓரளவு கிட்டே வரலாம். தொடரும் அக்சென்ட்டுக்குக் கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் எல்லையை) கையாலேயே கொஞ்சம் ஏற்றுங்கள்.

ரோலண்டில் ததாவோ கிகுமோதோ வடிவமைத்த இந்தப் பெட்டி 1981இல் வந்தது, 1984இல் உற்பத்தி நின்றது. பேஸ் வாசிக்க ஆளில்லாத கிட்டார்க்காரர்களுக்குத் துணை என்று விற்றார்கள். நிஜ பேஸ் கிட்டார் போல அது ஒருநாளும் ஒலித்ததில்லை. 1982இலேயே இந்தி சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் இதில் ராகங்களை டிஸ்கோ தாளத்துக்கு ஓட்டிப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு அப்போது கவனிக்கப்படவில்லை. 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்ட பிறகுதான் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பரவியது. அவர்கள் செய்தது எளிது: பேட்டர்னை மாற்றாமல் ஓடவிட்டு, கட்ஆஃபையும் ரெசனன்ஸையும் நிமிடக்கணக்கில் மெல்லத் திருப்பினார்கள். நீங்களும் அப்படியே பழகுங்கள். குமிழ் அசையாத 303 சீக்கிரம் சலித்துவிடும்.

டிஸ்டார்ஷன் சேர்ப்பதாக இருந்தால் ஃபில்டருக்குப் பிறகு, ரிவர்புக்கு முன்னால். ரெசனன்ஸ் ஏற ஏற அடிநாதம் மெலியும். அதை ஈக்வலைசரில் துரத்தாதீர்கள், கிக் டிரம் பார்த்துக்கொள்ளும்.