தோட்டாவும் மாரி ஈரமும்: கேள்வி பதில்

இலங்கையில கிழக்குப் பக்கம் பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோட 12 போர் (குழல் அளவு) துவக்கு வைத்திருக்கிற ஆக்களுக்குத்தான் இந்தப் பதில்கள். பத்திரம் எடுக்கிறது, புதுப்பிக்கிறது எல்லாம் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) விசாரியுங்க, என்னட்ட வேணாம்.

கேள்வி (வெல்லாவெளி): அண்ணன், அலுமாரிக்குள்ள சீலைக்கு அடியில வச்ச தோட்டாவில அடிப்பக்கம் பச்சைக் களிம்பு ஏறிட்டு. வீடு சின்னன். இடம் பிடிக்காம எப்படி வைக்கிற?

பதில்: சீலைதான் உங்களுக்கு எதிரி தம்பி. துணி மாரியில ஈரத்தைக் குடிச்சு வச்சிட்டு மெல்ல மெல்ல விடும். ரப்பர் வளையம் வச்ச மூடியும் நாலு பக்கமும் கொளுக்கியும் உள்ள பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒண்டு வாங்குங்க. 25 தோட்டா அடங்கிற கம்பெனி அட்டைப்பெட்டி ரெண்டு இறுக்கமா உட்காரிற அளவு போதும். பெரிய பெட்டி வாங்கினா உள்ள காத்துக் கூட, காத்தோட ஈரமும் கூட. அட்டையைக் கழட்ட வேணாம். ஈயக்குண்டின்ட அளவு நம்பர் அதில இருக்கு, தோட்டா ஒண்டோட ஒண்டு இடிபடவும் மாட்டாது.

முக்கியமான விசயம், எப்ப மூடுறீங்க எண்டது. கச்சான் காத்து அடிக்கிற காலத்தில நல்ல வெயில் ஏறின மத்தியானம் மூடுங்க. மார்கழி மழை இரவில மூடினா மழைக்காத்தையும் சேர்த்துத்தான் பூட்டுறீங்க. பிறகு ஈரம் உறிஞ்சிற சிலிக்கா ஜெல் மணி ஒரு 50 கிராம் போட்டுட்டு, சும்மா சும்மா திறந்து பார்க்காதீங்க. பெட்டி துவக்கோட ஒரே இடத்தில இருக்கக் கூடாது. தனிப் பூட்டு, தனித் திறப்பு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். 2011 தை வெள்ளம் உங்கட சுவரில எவ்வளவு ஏறினதெண்டு தெரியும்தானே, அதுக்கு மேல.

களிம்பு ஏறினதைப் பாவிக்காதீங்க.

கேள்வி (சம்மாந்துறை): ஜெல்லுக்கு ஏன் காசு? எங்கட வாப்பா உப்புப் போத்தலுக்குள்ள அரிசி போடுவார், கட்டியே வராது. தோட்டாவுக்கும் அது காணாதா?

பதில்: காணாது. நீங்க நெல் விக்கிற ஆள்தானே. நெல் சந்தைப்படுத்தல் சபை எத்தனை வீத ஈரத்தில நெல் எடுக்கும்? 14. அப்ப காய்ஞ்ச நெல் எண்டு நாம சொல்றதுக்குள்ளயே நூற்றுக்குப் பதினாலு தண்ணி. அந்த ஈரத்தில உள்ள அரிசி, மூடின பெட்டிக்குள்ள காத்தை 70, 75 வீத ஈரப்பதத்திலதான் கொண்டு வந்து நிறுத்தும். உப்புக்கு அது போதும், ஏனெண்டா உப்புத் தண்ணியாகிறதே 75க்கு மேலதான். இரும்பு அப்படியில்ல, 60ஐத் தாண்டினாலே கறள் வேகமாப் பிடிக்கும். இப்ப வாற கனக்கத் தோட்டாவில அடி தனிப் பித்தளை இல்ல, இரும்புக்கு மேல பித்தளைப் பூச்சு. ஜெல் 40க்குக் கீழ இறக்கும்.

கேள்வி (வாகரை): பழைய ஆமி இரும்புப் பெட்டி ஒண்டு மலிவா வருது. வாங்கவா?

பதில்: ரப்பர் நல்லா இருந்தா ஈரத்துக்கு அதைவிடத் திறம் இல்ல. ஆனா எங்கட பக்கத்தில பச்சை நிறப் பெட்டியை வீட்டுக்குள்ள வச்சிட்டு ஆருக்கு விளக்கம் சொல்லப் போறீங்க? சாப்பாட்டுப் பெட்டி.

கேள்வி (திருக்கோவில்): பிரிட்ஜில வைக்கலாமா?

பதில்: வேணாம். வெளிய எடுத்த உடன வேர்க்கும்.

கேள்வி (சம்மாந்துறை, திரும்பவும்): நாங்க பச்சை அரிசியைச் சொல்லல்ல, வறுத்த அரிசி!

கேள்வி (அக்கரைப்பற்று): அவர் சொல்றது சரிதான். கைபேசி நனைஞ்சாலும் அரிசிதானே போடுறம்?

பதில்: வறுத்த அரிசி ஈரத்தை இழுக்கும், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா எப்ப நிரம்பினது எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்? அரிசி நிறம் மாறுமா? நிறம் போட்ட ஜெல் மாறும். செம்மஞ்சள் பச்சையாகும், நீலம் ரோசாவாகும். நிறம் மாறினதை 110, 120 பாகை சூட்டில ரெண்டு மணித்தியாலம் வச்சா பழையபடி வேலை செய்யும். நீலத்தில கோபால்ட் இருக்கு, சமைக்கிற சட்டியில வறுக்காதீங்க. செம்மஞ்சள் வாங்குங்க. கைபேசியைச் சும்மா காத்தில வச்சாலே காயும், புகழ் அரிசிக்குப் போகுது. இதோட அரிசிக் கதையை விடுவம்.

கேள்வி (கிரான்): தோட்டாவுக்கு எண்ணெய் பூசி வச்சா?

பதில்: கூடவே கூடாது. எண்ணெய் ஊறி அடித் தொப்பிக்குள்ள (துவக்கு ஊசி அடிக்கிற இடம்) இறங்கினா வெடிக்காது. பண்டி முன்னால நிக்கேக்க தெரியவரும். துவக்குக் குழலுக்கு எண்ணெய், தோட்டாவுக்குக் காய்ஞ்ச துணி.

கேள்வி (படுவான்கரை, ஒரு தங்கச்சி): வீடு பத்தினா இந்தப் பெட்டி குண்டு மாதிரி வெடிக்குமா? எனக்குப் பயமா இருக்கு, இவர் சிரிக்கிறார்.

பதில்: கேக்க வேண்டிய கேள்வி புள்ள, சிரிக்க ஒண்டுமில்ல. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பு பெட்டி பெட்டியா எரிச்சுப் பார்த்திருக்கு. மொத்தமா வெடிக்கல்ல, ஒவ்வொண்டாப் படபடவெண்டு வெடிச்சது. குழலுக்குள்ள இல்லாத தோட்டாவில அமுக்கம் கட்டாது. பிளாஸ்டிக் கிழியும், துண்டுகள் கொஞ்சத் தூரம் பறக்கும், ஈயக்குண்டு துவக்கால சுட்டது மாதிரிப் பாயாது. எண்டாலும் கண்ணுக்குப் பட்டாப் போதும், கிட்டப் போகாதீங்க. நெருப்புக்குள்ள தோட்டா போட்ட துவக்கு இருந்தாத்தான் உண்மையாச் சுட்டது மாதிரிக் குண்டு பாயும். அதால தோட்டா போட்டபடி துவக்கு வீட்டுக்குள்ள வரவே கூடாது. அடுப்பு, காஸ் சிலிண்டர் பக்கமும் பெட்டி வேணாம். இதை அவருக்கு வாசிச்சுக் காட்டுங்க.

கேள்வி (பொத்துவில்): யானை விரட்டத் தந்த யானை வெடியையும் அதே பெட்டிக்குள்ள...

பதில்: இல்ல! அது வேற மருந்து, வேற இடம். நமத்துப் போனதை வெயிலில, அடுப்பில காயவைக்கவும் வேணாம். தந்த வனசீவி அலுவலகத்திலயே திருப்பிக் குடுங்க.

கேள்வி (வவுணதீவு): வெள்ளத்தில நனைஞ்ச தோட்டாவை வெயிலில காயப்போட்டா சரியாகுமா?

பதில்: மேல யானை வெடிக்குச் சொன்னதுதான் இதுக்கும், வெயிலும் அடுப்பும் வேணாம். காயாது, நம்பவும் ஏலாது. எண்ணி எழுதிப் பொலிசில ஒப்படையுங்க. சுட்டு வெடிக்காமப் போனா வாயைப் பாதுகாப்பான பக்கம் பிடிச்சபடி அரை நிமிசம் பொறுத்துத்தான் திறக்கிற.

கேள்வி (பெயர், ஊர் இல்லை): வளவு வெட்டேக்க பழைய தோட்டாப் பெட்டி ஒண்டு வந்தது. கழுவி வைக்கலாமா?

பதில்: மண்வெட்டியை அங்கயே போட்டுட்டு வந்த வழியால விலகுங்க. பொலிசுக்கு 119. இப்பவே.

கேள்வி (நிந்தவூர்): அரிசிக்குப் பதிலா உப்புப் போட்டா என்ன?

பதில்: உப்பு இரும்பைத் தின்னும். நான் தேத்தண்ணி குடிக்கப் போறன்.