குறட்டை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 44. கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை. பதினொன்றுக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு விழிப்பு. அப்புறம் சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று முறை எழுகிறேன். காலையில் தலை கனக்கிறது. போன வாரம் சிக்னலில் காரை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனேன். பின்னால் ஹார்ன் அடித்துத்தான் விழித்தேன். ஜாதிக்காய்ப் பால், யோகநித்திரை எல்லாம் பார்த்தாயிற்று. நண்பர் சொல்லித் தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை போடுகிறேன். என் குறட்டையால் மனைவி குழந்தையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டது தனிக்கதை. இரவில் மனதை அடக்கும் புத்தகங்கள் சில சொல்வீர்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தனிக்கதை என்று தள்ளிவிட்டீர்களே, அதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊரில் குறட்டை என்றாலே சிரிப்பு. என் பெரியப்பாவை வைத்து நாங்களும் சிரித்தோம். கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் படுத்திருக்க, அவருடைய குறட்டை பட்டென்று நிற்கும். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். இருபதைத் தாண்டியதும் பெரிய செருமலோடு மூச்சு திரும்பும், கொல்லென்று சிரிப்போம். பெரியம்மா மட்டும் சிரித்ததில்லை. இருட்டில் கையை நீட்டி அவர் தோளை உலுக்கி, ஒருக்களித்துப் படுக்க வைப்பார். "இவருக்கு மூச்சு நிக்குதுடா" என்று எத்தனையோ முறை சொன்னார். "படுத்ததும் தூங்குற வரம் யாருக்குக் கிடைக்கும்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். பகலில் காபி டம்ளரைக் கையில் வைத்தபடியே பெரியப்பா கண்ணயர்வார், வேட்டியெல்லாம் காபி. அதையும் வரத்தில் சேர்த்துக்கொண்டோம்.

இதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். மூச்சு 10 விநாடியாவது நின்றால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். அடைப்பும் குறைமூச்சுமாக மணிக்கு 30 முறை வந்தால் தீவிரம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க, மூளை பதறி எழுப்பிவிடும். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. அடைத்த பாதையில் மூச்சை இழுக்கும்போது இதயம் விரிந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கிறது. நீங்கள் ராத்திரி எழுந்து எழுந்து போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

அந்த நண்பர் என்ன டாக்டரா? அல்பிரசோலம் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை. தொண்டையை அது இன்னும் தளர்த்தும், எழுப்ப வேண்டிய மூளையையும் மந்தமாக்கும். திருடன் வந்து நாய் குரைக்கிறது. தூக்கம் கெடுகிறதென்று நாயின் வாயைக் கட்டுகிறீர்கள். அதற்காக இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிடவும் வேண்டாம், மாதக்கணக்கில் போட்டிருந்தால் அதுவும் ஆபத்து. டாக்டர் சொன்னபடி குறையுங்கள்.

வேறு காரணமாகவும் இருக்கலாம். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் கால் குடைச்சல், மனச்சோர்வு. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் அவரிடம் தனியாகப் போகாதீர்கள், மனைவியை அழைத்துப் போங்கள். நீங்கள் தூங்கும்போது நடப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்தான் சாட்சி. அவர் அடுத்த அறைக்குப் போனதில் உங்களுக்குக் கோபம் இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. பாவம், அவரும் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தாரோ. இப்போது உங்கள் தோளை உலுக்கவும் ஆளில்லை.

உடம்பில் ஒயர்களை ஒட்டி ஓர் இரவு தூங்கவிட்டுப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மூக்கில் மாட்டும் சீபேப் கருவி தருவார்கள், காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். காலின் சல்லிவன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1981-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். பெரியப்பாவுக்கு இதைச் சொல்ல எங்கள் ஊரில் ஆளில்லை. உங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

அதுவரை காரைத் தொடாதீர்கள். பஸ்ஸில் போங்கள். அங்கே தூங்கினால் ஸ்டாப்தான் தப்பும்.