நெருஞ்சி கேப்ஸ்யூல் தசையை வளர்க்குமா?

கேள்வி: எனக்கு 22 வயது, வியாசர்பாடி. ஜிம்மில் சேர்ந்த நாளிலிருந்து மாஸ்டர் கொடுத்த நெருஞ்சி கேப்ஸ்யூல், கிரியேட்டின் இரண்டும் எடுக்கிறேன். இரண்டே மாதத்தில் 59 கிலோவிலிருந்து 62 ஆகிவிட்டேன். இது நிஜத் தசைதானா? டெஸ்ட் ஏதாவது இருக்கிறதா டாக்டர்?

பதில்: தம்பி, எடை ஏறியது உண்மைதான், ஆனால் எதனால் ஏறியது என்று எடை மிஷின் சொல்லாது. கிரியேட்டின் தசைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைக்கும், முதல் சில வாரங்களிலேயே ஒன்றிரண்டு கிலோ அப்படிக் கூடிவிடும். புதிதாக வெயிட் தூக்குகிற எவருக்கும் மாத்திரை இல்லாமலே தசை வளரும். ஜிம்முக்குப் போக ஆரம்பித்ததும் சாப்பாடும் கூடியிருக்கும். இதில் கேப்ஸ்யூலின் பங்கு எவ்வளவு என்று உங்கள் ஒரு உடம்பை வைத்துப் பிரித்துச் சொல்லவே முடியாது.

அதற்குத்தான் ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரே மாதிரி தெரிகிற கேப்ஸ்யூல்களில் ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொன்றுக்கு வெறும் மாவும் கொடுத்து, யாருக்கு எது போனது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல், ஒரே பயிற்சியைச் செய்யவைத்து, முன்னும் பின்னும் டெக்ஸா ஸ்கேன் (தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டும் எக்ஸ்ரே) போன்றவற்றில் தசையை அளக்கிறார்கள். மனசு அவ்வளவு ஏமாற்றும். 1972-இல் வெயிட் தூக்கும் சிலரிடம் தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு என்று சொல்லி வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள், அதற்கே அவர்கள் தூக்கும் எடை கூடியது.

நெருஞ்சியையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களிடம் 5 வாரம் கொடுத்துப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள்: நெருஞ்சி எடுத்தவர்களுக்கும் வெறும் கேப்ஸ்யூல் எடுத்தவர்களுக்கும் பலமும் தசையும் ஒரே அளவில்தான் ஏறின. நிஜமாகவே தசையை வளர்க்கிற பொருள் எப்படி இருக்கும் என்றால், 1996-இல் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசியை வாரம் 600 மில்லிகிராம் வீதம் 10 வாரம் போட்டபோது, எடையே தூக்காதவர்களுக்கும் கொழுப்பில்லாத எடை சுமார் 3 கிலோ கூடியது.

எனக்குக் கவலை இங்கேதான். ஒரு 'மூலிகை' கேப்ஸ்யூல் அந்த மாதிரி வேலை செய்தால் உள்ளே மூலிகை மட்டும் இருக்காது. ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைப் பரிசோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 94-இல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் பொருள்கள் இருந்தன. உங்கள் டப்பாவில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் எண்ணாவது இருக்கிறதா? இருந்தாலும் அது லைசன்ஸ்தான், உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதுகில், தோளில் திடீரென்று பருக்கள், மார்புக் காம்புக்குக் கீழே கட்டி அல்லது வலி, விதை சுருங்குவது, இதில் எது இருந்தாலும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடலாம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தானே. காலையில் டெஸ்டோஸ்டிரோன், கூடவே விதையை வேலை செய்யவைக்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்கள். வெளியிலிருந்து ஹார்மோன் உள்ளே போனால் எல்ஹெச் அடியோடு இறங்கிவிடும். அப்புறம் கொழுப்பு, கல்லீரல், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின். ஒரு வாரம் எடை தூக்காமல் போங்கள், ஏனென்றால் கடுமையான பயிற்சியே கல்லீரல் டெஸ்டில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டையும் ஏற்றிக் காட்டும். கிரியேட்டின் எடுப்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் லேசாக ஏறிய கிரியாட்டினினைப் பார்த்துக் கிட்னி கெட்டுவிட்டது என்று வீட்டில் பயந்துவிடுவார்கள்.

கிரியேட்டின் வேண்டுமானால் தினமும் 3 முதல் 5 கிராம் போதும், கிட்னி நன்றாக இருக்கிறவர்களுக்கு அதில் பயமில்லை. பலம் ஓரளவு கூடும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. புரதம் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு நாளுக்கு 100 கிராம் வரும், அதற்கு மேல் போனால் பெரிய லாபமில்லை. காசிமேடு மீன் கால் கிலோ சதையிலேயே 45, 50 கிராம் வந்துவிடும். நாலு முட்டையில் 24, மீதிக்குச் சுண்டலும் பாலும் தயிரும் இருக்கின்றன.

கேப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.