அலை குடாவை வெட்டாது

அன்புள்ள ஐயா,
மண்டபத்தில் ரோட்டுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வளைகுடா எங்கே, எப்படி உண்டாகிறது என்று மகள் கேட்டாள். அலை கரையை அரித்து உள்ளே புகுந்ததால் வந்தது என்றேன். சரிதானா? தெற்குக் கரை தேய்கிறது. கல் கொட்டினால் நிற்குமா?
வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

வித்தியாசத்தை விடுங்கள். பெயர் வைத்தவர்கள் யாரும் அளந்து வைக்கவில்லை.

மகளுக்குச் சொன்னது தவறு. இன்றே திருத்திச் சொல்லுங்கள். கேட்கும் பிள்ளைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது. ஆழம் குறையும் இடத்தில் அலையின் வேகமும் குறையும். அதனால் அலை வளைந்து, துருத்தி நிற்கும் முனையிலேயே குவிந்து மோதும். உள்வாங்கிய கரைக்கு வரும்போது பரவி, பலமிழந்து, சுமந்துவந்த மணலைப் போட்டுவிடும். முனையைத் தின்பதும் குடாவைத் தூர்ப்பதும்தான் அலையின் வேலை.

பெரிய வளைகுடா உண்டாக, தரை பிளக்கவோ தாழவோ வேண்டும். கடல்மட்டம் ஏறி அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். ஏடன், கலிபோர்னியா வளைகுடாக்கள் பிளவில் பிறந்தவை. பாரசீக வளைகுடா, ஈரானின் சாக்ரோஸ் மலை எழுந்தபோது அடிவாரத்தில் தாழ்ந்த பள்ளம். மன்னார், கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்த காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே விழுந்த பிளவு. 1000 மீட்டருக்கு மேலும் ஆழம் போகும். உங்கள் வடகடலோ பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டாது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது அது காய்ந்த தரை.

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. கல், கல் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். கடலுக்குள் கல்சுவர் நீட்டினால், மணல் வரும் பக்கம் சேரும். அடுத்த பக்கம் வரவேண்டிய மணல் வராமல் பக்கத்து ஊர்க் கரை தேயும். அவர்களும் கல் கேட்பார்கள். இயற்கை தந்த சுவர் கரைக்கு எதிரே ஏற்கெனவே இருந்தது: பவளப் பார், அதாவது பவளப் பாறைத் திட்டு. அலை அதன்மேல் உடைந்து பெரும்பகுதி பலத்தை அங்கேயே விட்டுவிடும். அதைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீட்டுச் சுவருக்கும் அனுப்பினோம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கின. பார் போனதும் மணல் திட்டைத் தாங்க ஆளில்லை. 1986இல் இந்தக் கடல் தேசியப் பூங்காவாகியும் பெயர்ப்பது உடனே நிற்கவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை. மிச்சமிருக்கும் பாரில் நங்கூரம் போடாதீர்கள், போடுகிறவரைத் தடுங்கள்.

கல் கேட்கும் முன் கரையை அளங்கள். அலை எட்டாத மேட்டில் கம்பு ஊன்றி, அங்கிருந்து கடல் ஏறி நிற்கும் கோடுவரை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் டேப் பிடித்துக் குறியுங்கள். ஆறு மாதம் போதாது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஒரு பக்கம் ஓடும் மணல், வாடையில் எதிர்ப்பக்கம் ஓடும். கச்சானில் போனது வாடையில் திரும்பினால், அது மணலின் வழக்கமான போக்குவரத்து. ஒன்றும் செய்ய வேண்டாம். ஆண்டு முடிந்தும் திரும்பாவிட்டால் அந்தக் கணக்கோடு எழுதுங்கள்.