ஊறுகாய் ஜாடியும் ரத்த அழுத்தமும்: வாசகர் கேள்விகள்

பாபநாசம் வாசகி: எனக்கு வயது 54. பி.பி. 150/94. மூன்று மாதமாகக் குழம்பு, பொரியல் எல்லாவற்றிலும் உப்பைக் குறைத்துத்தான் போடுகிறேன். இந்துப்புக்கும் மாறிவிட்டேன். அளவு இறங்கவே இல்லையே, ஏன்?

முதலில் ஒரு வீட்டுக் கணக்கு. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர் என்றால் மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும்போதே தேதியை அதன்மேல் எழுதிவையுங்கள். நிஜமாகக் குறைத்திருக்கிறீர்களா என்பது அது தீரும் நாளில் தெரிந்துவிடும்.

ஆனால் 50 நாள் வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். கடையில் வாங்கும் ஊறுகாய், வடாம், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை. நம் பக்கத்துச் சாப்பாட்டில் குழம்பைக் குறை சொல்லிவிட்டுத் தொட்டுக்கொள்வதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். பழைய சோறு நல்லதுதான். அதில் போடும் கல்லுப்பும் பக்கத்தில் வைக்கும் உப்பு நார்த்தங்காயும்தான் கெடுப்பவை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியமே. நாகப்பட்டினத்துக் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை கழுவினால் உப்பு கொஞ்சம் இறங்கும், முழுதும் போகாது. மாதம் ஒரு நாள் போதும்.

இந்துப்பு? அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். வேதாரண்யம் உப்பளத்துக் கல்லுப்பும் அதேதான். சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும், குழாய்க்குள் ரத்தத்தின் அளவு கூடும், அழுத்தம் ஏறும். இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பதால் இது மாறாது.

ஒரேயடியாக நிறுத்தினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். சோற்று உலையிலும் மோரிலும் போடுவதை இன்றே நிறுத்துங்கள். குழம்பில் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மூன்று நான்கு வாரத்தில் நாக்கு பழகிவிடும். பொரியலை இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால், ரசத்தில் மிளகைக் கூட்டினால், உப்புக் குறை அவ்வளவாகத் தெரியாது.

மன்னார்குடி விவசாயி: காலையிலிருந்து வயலில்தான் கிடக்கிறேன். தனியாக நடைப்பயிற்சி வேறு வேண்டுமா?

எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உழவுக்கு டிராக்டர், நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கும் இயந்திரம் என்றாகிவிட்ட பிறகு, வரப்பில் நின்று பார்ப்பதே பாதி வேலை. அறுப்பு முடிந்து அடுத்த பட்டத்துக்கு ஆற்றில் தண்ணீர் வரும்வரை அதுவும் இல்லை. உடற்பயிற்சியால் இறங்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு நாள்தான் தங்கும். ஆகையால் விடாமல் செய்தால்தான் பலன்.

வாரம் ஐந்து நாள், 30 நிமிடம், வாய்க்கால் கரையில் வேகமாக நடங்கள். கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட மூச்சு வரக்கூடாது. அதுதான் சரியான வேகம். முழங்கால் ஒத்துழைத்தால் வாரம் மூன்று நாள் சுவர் இருக்கையும் செய்யலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை ஒன்றரை இரண்டு அடி முன்னால் வைத்து, நாற்காலியில் உட்காருவதுபோல் பாதி இறங்கி அப்படியே நில்லுங்கள். முதலில் 20 விநாடி. பழகப் பழக 2 நிமிடம்வரை, இடையில் 2 நிமிட ஓய்வோடு நான்கு முறை. மூச்சை மட்டும் அடக்கக்கூடாது. நெல் மூட்டை தூக்கும்போது மூச்சைப் பிடித்துத் தம் கட்டுவதும் அந்த நேரத்துக்கு அழுத்தத்தை எகிற வைக்கும். 180/110க்கு மேல் இருந்தால் பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்று கேட்காமலே சொல்கிறோம்: மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் பி.பி.யை ஏற்றும்.

கும்பகோணம் வாசகர்: வீட்டு மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டுகிறது. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் மெஷின் இல்லை, உட்காரும் விதம்தான். காபி குடித்தும் வெற்றிலையோடு புகையிலை போட்டும் அரைமணி நேரமாவது ஆக வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். பட்டை வெறும் தோலில் சுற்றப்பட வேண்டும், சட்டைக் கைமேல் அல்ல. புஜம் பருமனாக இருப்பவர்களுக்குச் சிறிய பட்டை அளவைக் கூட்டியே காட்டும். பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷினை வாங்காமல் இருப்பதே நல்லது.

காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு, இரவில் இரண்டு, ஒரு நிமிட இடைவெளியில். ஏழு நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளி, மிச்சத்துக்குச் சராசரி போடுங்கள். 135/85ஐத் தொட்டாலே வீட்டுக் கணக்கில் அது கூடுதல்.

திருவையாறு வாசகி: தினமும் இளநீர், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை சாப்பிடுகிறேன். இப்போது 128/80. மாத்திரையை விட்டுவிடலாமா?

வேண்டாம். அந்த 128ல் மாத்திரையின் பங்கும் இருக்கிறது. குறைக்க வேண்டுமானால் ஏழு நாள் குறிப்போடு போங்கள், மருத்துவரே குறைப்பார். இளநீர், கீரையில் உள்ள பொட்டாசியம் பி.பி.க்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கும் அது ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம்தான் கலந்திருக்கிறது. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் இரண்டையும் ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டு, தினம் ஒரு இளநீர் சரியா என்று கேளுங்கள்.