சைக்கிளைச் சுத்தினாரா, பிள்ளைகளைச் சுத்தினாரா?

கேள்வி: தொண்ணூறுகளில் இளந்தாரியாக இருந்த என் அப்பா, அந்தக் காலத்துப் பாட்டுப்போல இனி வராது என்று நாள்தவறாமல் சொல்கிறார். கரண்ட் இல்லாத வன்னியில் சைக்கிளைச் சுத்திப் பாட்டுக் கேட்டவராம். அதே பாட்டைப் போனில் போட்டுக் கொடுத்தால், "இது அது இல்லை" என்று முகத்தைச் சுளிக்கிறார். அவருடைய கசற்றுகள் ஒரு பெட்டியில் இன்னும் வீட்டில் கிடக்கின்றன. அந்தப் பாட்டுகளில் அப்படி என்னதான் இருந்தது?
— மல்லாவியிலிருந்து ஒரு வாசகி

பதில்: பாட்டில் என்ன இருந்தது என்பது கிடக்கட்டும், பிள்ளை. 'சுத்தி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்வோம். அப்பா சைக்கிளைச் சுத்தினது உண்மை. உங்களைச் சுத்தவில்லை.

போர்க்காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் அரசு போகவிடாமல் மறித்த பொருட்களின் பட்டியலில் பெற்றோல், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு டோர்ச் பற்றறிக்கும் ஓர் இடம் இருந்தது. கையில் மிஞ்சியவற்றை வெயிலில் காயவைத்தார்கள். ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் விட்டார்கள். அப்படி உயிர் வந்த பற்றறி செய்தி கேட்கக் காணும். ரேப் ரெக்கோடரின் மோட்டரோ அதைப் பல்லவியிலேயே குடித்து முடித்துவிடும். அதனால்தான் டைனமோ.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, பெடலைக் கையால் சுத்த வேண்டும். அந்தப் போத்தல் டைனமோ 6 வோல்ட், 3 வாட். சைக்கிள் மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடும் வேகத்தில் சில்லு சுழன்றால் அந்த வலு வரும். 28 அங்குலச் சில்லுக்கு, நிமிடத்தில் 45, 50 தரம் பெடலைச் சுத்தினால் போதும். நாலு பெரிய பற்றறி போடுகிற ரேப் ரெக்கோடர் பெட்டிக்கும் தேவை அதே 6 வோல்ட்தான். ஆறு பற்றறிப் பெட்டி வைத்திருந்தவர்கள் 9 வோல்ட்டுக்காகக் கை முறியச் சுத்தியிருப்பார்கள். அவர்களுக்கு என் அனுதாபம்.

டைனமோவில் வருவது ஆடலோட்டம் (ஏ.சி.). அப்படியே கொடுத்தால் மோட்டர் நடுங்குமே தவிர ஓடாது. செத்த றேடியோக்களிலிருந்து கழற்றிய நாலு டயோட்டைப் பாலமாகப் பிடித்து, அதற்குப் பின்னால் 25 வோல்ட் தாங்கும் 1000 அல்லது 2200 மைக்ரோபரட் கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஒன்றைப் போட்டால் நேரோட்டம் (டி.சி.) கிடைக்கும். ஒற்றை டயோட்டோடு வேலையை முடித்தவர்கள் வீட்டில் எந்தப் பாட்டுக்கும் பின்னணி இசை ஒரே இரைச்சல்தான். டைனமோவிலிருந்து வருவது ஒரு வயர்; மற்ற வயருக்குப் பதில் சைக்கிளின் சட்டமே நிற்கிறது. டைனமோவைப் பூட்டும் இடத்தில் பெயின்றைச் சுரண்டாவிட்டால் தொடுப்பு விட்டுவிட்டுத்தான் வரும். முன் லைற்றைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது 2.4 வாட்டைத் தின்றுவிடும். பின் லைற்றின் சின்னப் பல்பை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அந்தப் பல்ப் வெளுத்து எரிந்தால் கை மிஞ்சிப் போகிறது என்று அர்த்தம். ஒருவர் பெட்டியை நிற்பாட்ட, மற்றவர் அது தெரியாமல் சுத்திக்கொண்டிருந்தால், சுமையில்லாத டைனமோ 20 வோல்ட்டையும் தாண்டும். அடுத்த தரம் பெட்டியைப் போட்டால் புகைதான் வரும்.

இனிச் சுருதிக்கு வருவோம். கசற் நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். மோட்டருக்குள் வேகத்தைப் பிடித்து வைக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு, ஆனால் வோல்ட் ஓரளவுக்குக் கீழே போனால் அதுவும் கையை விரித்துவிடும். கூத்து என்னவென்றால், சத்தம் அவ்வளவாகக் குறையாது. பாட்டு மட்டும் இழுபடும். வேகம் நூற்றுக்கு ஆறு குறைந்தால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கும். ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 19 நொடி நீளும். சுத்துகிறவர் களைக்கக் களைக்க ஜானகி அம்மா கொஞ்சங் கொஞ்சமாகச் சௌந்தரராஜன் ஆகிக்கொண்டு வருவார். காதல் பாட்டென்றால் சரணம் முடிவதற்குள் இரண்டு ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் "கண்ணே" என்று கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு புது ஆள் வந்து பெடலைப் பிடித்தால் பெண்குரல் திடுக்கிட்டு எழும்பும். பதிந்தபோது களைத்த கை, கேட்கும்போது தெம்பான கை என்றால் எல்லாம் தலைகீழ்: சௌந்தரராஜன் சின்னப் பிள்ளையாகி மழலையில் தத்துவம் பாடுவார். சோகப் பாட்டுக்குக் களைத்தவரையும் துள்ளல் பாட்டுக்குத் தெம்பானவரையும் விட்டால் எந்த இசையமைப்பாளரும் கிட்ட நிற்க முடியாது.

ஆகவே, "இது அது இல்லை" என்று அப்பா சொல்வதை நம்புங்கள். அவருடைய காதில் பழகிக் கிடப்பது அரைக் கட்டை இறங்கிய பாட்டு. சென்னையில் எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் அப்படி ஒரு பாட்டைப் பாடவே இல்லை. 1992இல் ரகுமான் வந்து பாட்டின் அடியில் வைத்த ஆழ்ந்த ஒலியெல்லாம் அந்த நாலங்குல ஸ்பீக்கரில் வரவும் இல்லை. அதைப் போனில் இயர்போன் வைத்துக் கேட்டால் அவருக்கு ஆரோ இடையில் புகுந்த மாதிரித்தான் இருக்கும். (இளையராஜாவா ரகுமானா என்று இதைச் சாட்டி எழுதுகிறவர்களுக்கு: அந்த வழக்கு இந்தப் பக்கத்தில் முடிந்துவிட்டது. கடிதங்களை வேறு எங்காவது அனுப்புங்கள்.)

'அந்தக் காலம்' என்கிறாரே, எந்தக் காலம் என்றும் கேட்டுப் பாருங்கள். 1996 மே மாதம் அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்ரோபரில் அதில் அரை மணியைத் திருப்பி எடுத்தது. வன்னி இரண்டையும் கணக்கெடுக்கவில்லை. 2006 ஏப்ரல் வரைக்கும் எல்லா அழைப்பிதழிலும் 'பழைய நேரமா, புதிய நேரமா' என்ற சண்டை இருந்தது. பிபிசி தமிழோசை வானொலி இங்கே ஒன்பதேகாலுக்கு, வவுனியாவில் ஒன்பதே முக்காலுக்கு. பத்து வருசம் அரை மணித்தியாலம் பிந்தி, அரைக் கட்டை இறங்கி வாழ்ந்த ஊருக்கு யூரியூப்பின் துல்லியம் கசக்காமல் என்ன செய்யும்?

இப்போது அந்தக் கசற்றுகள் கிடக்கும் பெட்டி. ஆசையில் உடனே ஒன்றை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் கசற்றின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பூஞ்சணம். அதைப் போட்டால் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசற்றுக்கும் போகும். மண்ணில் புதைத்து எடுத்ததென்றால் உள்ளே மணல் இருக்கும், அது நாடாவைச் சுரண்டிவிடும். இந்த இரண்டு வகையையும் ஒதுக்கி வையுங்கள். மிச்சத்தை ஆறுபட்டைப் பேனை ஒன்றால் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை மெதுவாகச் சுத்துங்கள். பாருங்கள், இங்கேயும் சுத்துவதுதான். எங்காவது இறுகினால் இழுக்காமல் விட்டுவிட்டு, ஐந்து ஸ்குறூவையும் கழற்றிச் சுருளை வேறு கோதுக்கு மாற்றுங்கள். பாட்டு மூடிப் போர்த்தமாதிரிக் கேட்டால் பாட்டைக் குறை சொல்லாதீர்கள்: நாடாவை ஹெட்டோடு அழுத்துகிற அந்த உளுந்தளவு கம்பளித் துண்டு கழன்று விழுந்திருக்கும். உதவாத கசற் ஒன்றிலிருந்து அதன் செப்புத் தகட்டோடு எடுத்துப் போடலாம். அறுந்த நாடாவைச் செலோரேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை வெயிலுக்கு ஊறி அடுத்த சுற்றிலும் ஒட்டும். நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள ரேப்பால், ஹெட்டில் படாத பக்கத்தில், சரிவாக வெட்டி ஒட்ட வேண்டும்.

பெட்டியில் 120 நிமிடக் கசற் இருந்தால் அதை ஒரே தரம் ஓடவிட்டு, அந்த ஓட்டத்திலேயே கணினிக்கு ஏற்றிவிடுங்கள். 60 நிமிடக் கசற்றின் நாடா ஏறக்குறைய 16 முதல் 18 மைக்ரோன் தடிப்பு, 90இல் 12, 120இல் 9. அவ்வளவு மெல்லியது நீளும், முறுகும், றோலரில் சுற்றிக்கொள்ளும். 120தான் கசற்றுகளின் ராசா என்று மாதாமாதம் எழுதுகிற புதுக்குடியிருப்பு அன்பருக்கு இதற்குமேல் பதில் இல்லை. ஒரு பக்கத்தில் ஒரு மணித்தியாலம் கிடைக்கிறது என்பதைத் தவிர அவரிடம் இன்னும் வேறு வாதம் வரவில்லை.

ஒவ்வொரு கசற்றுக்கும் முன்னால் ஹெட்டையும் றப்பர் றோலரையும் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்குறூவை மெல்லத் திருப்ப, ஓரிடத்தில் 'ச', 'ஸ' எழுத்துகள் பளிச்சென்று கேட்கும். அங்கே நிற்பாட்டுங்கள். பதிந்த பெட்டியின் ஹெட் சரிந்திருந்த அதே சரிவு அது. இயர்போன் துளையிலிருந்து கணினியின் லைன் துளைக்கு வயர் கொடுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்துப் பதியவேண்டாம். சுருக்காத வேவ் கோப்பாக வைத்தால் 90 நிமிடக் கசற் ஒன்றுக்கு ஒரு ஜிகாபைற்றுக்குக் கிட்ட இடம் போகும். போகட்டும். இரைச்சலை வடிக்கிற வேலையை அதன் பிரதியில் செய்யுங்கள், மூலத்தில் கைவைக்காதீர்கள்.

எதை முதலில் ஏற்றுவது? சினிமாப் பாட்டை அல்ல. அவை கொம்பனிகளிடம் பத்திரமாக இருக்கின்றன. அப்பாவின் இருபதாவது பிரதியை நம்பி எந்த இசையமைப்பாளரும் இல்லை. மேலட்டையில் ஒன்றும் எழுதாத கசற்றுகளை எடுங்கள். காத்தான் கூத்தோ, முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தோ, வற்றாப்பளைப் பொங்கலில் ஆரோ பெட்டியை மடியில் வைத்துப் பதிந்ததோ, ஆச்சியின் ஒப்பாரியோ இருக்கக்கூடும். அவற்றுக்கு உலகத்திலேயே வேறு பிரதி இருக்காது. இடையில் வரும் இருமலையும் நாய் குரைப்பதையும் வெட்டாதீர்கள். தொண்ணூறுகளைப் பற்றி ஏங்குகிறவர்கள் எல்லாம் ஆயிரம் இடத்தில் கிடைக்கும் பாட்டுக்கே ஏங்குகிறார்கள் என்பது என்னுடைய பழைய முறைப்பாடு.

வேகம் பிழைத்த சினிமாப் பாட்டைப் போனில் உள்ளதோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். கூத்துக்கு ஒப்பிட என்ன இருக்கிறது? ஆர்மோனியம். கட்டையை அமத்தினால் அதற்கென்று ஒரு சுருதிதான் வரும். போனில் சுருதி காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்து, ஆர்மோனியம் தனியாக ஒலிக்கும் இடத்தைக் கேளுங்கள். இரண்டு சுரத்துக்கு நடுவில் முள் நின்றால் பெரும்பாலும் நாடா வேகம் பிழை. ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் சுருதியை மட்டும் மாற்றுகிற கட்டளையை விட்டுவிட்டு, வேகத்தை மாற்றுகிற கட்டளையால் ஏதாவது ஒரு சுரத்தில் முள் நிற்கும்வரை திருத்துங்கள். ஏற்றுவதா இறக்குவதா என்று சந்தேகம் வந்தால், அந்தக் கூத்தில் ஆடின அல்லது பாடின ஒருவரைக் கேளுங்கள். அப்பாவைக் கேட்காதீர்கள். அவர் இறக்கச் சொல்லித்தான் நிற்பார்.