பேயும் வவுச்சரும்

அன்புள்ள ஐயா,

1981-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சில கடைகளில் ‘பாலிபியஸ்’ என்ற வீடியோ கேம் இயந்திரம் வைக்கப்பட்டதாம். விளையாடிய சிறுவர்களுக்கு மறதியும் கெட்ட கனவுகளும் வந்தன. கறுப்புக் கோட்டு அணிந்தவர்கள் வந்து இயந்திரத்தைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டு போனார்கள். சில வாரங்களில் எல்லா இயந்திரங்களும் மறைந்துவிட்டன. இன்றும் அவை அரசின் ரகசியக் கிடங்கில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மூன்று இரவுகளாகத் தூங்காமல் இதைப் பற்றிய காணொளிகளைப் பார்க்கிறேன். அதன் தொடக்கத் திரையின் படம்கூடக் கிடைத்தது. மனத்தை வசப்படுத்தச் சோதனைகள் நடத்திய சி.ஐ.ஏ. இதைச் செய்திருக்காதா? ஆதாரம் எதுவும் இல்லாததே பெரிய ஆதாரம் அல்லவா? இதை நாவலாக எழுத ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் தூங்குங்கள். மற்றவை அப்புறம்.

படத்தை விட்டுவிடுங்கள். கணினி தெரிந்த எவரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அப்படியொன்றைச் செய்துவிடுவார்கள்.

ஆதாரம் இல்லாததே ஆதாரம் என்ற வரியைப் படித்ததும் எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இந்தத் தர்க்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக் கொல்லையில் யானை கட்டியிருக்கிறேன் என்றும் நிரூபிக்கலாம். சாணம்கூட இல்லையே என்றால், எவ்வளவு கெட்டிக்கார யானை பாருங்கள்!

சி.ஐ.ஏ. யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. 1953-இல் தொடங்கிய எம்.கே.அல்ட்ரா திட்டத்தில், அறியாத மனிதர்களுக்கு எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தைக் கொடுத்து வேடிக்கை பார்த்தவர்கள் அவர்கள். 1973-இல் தலைமையே கோப்புகளை அழிக்கச் சொன்னது, அழித்தார்கள். ஆனாலும் 1977-இல் ஏறத்தாழ 20,000 தாள்கள் அகப்பட்டன. எங்கே? கணக்குப் பிரிவின் பழைய பெட்டிகளில். சோதனைக் குறிப்புகளைக் கொளுத்தியவர்களுக்கு, அதற்குப் பட்டுவாடா ஆன பணத்தின் கணக்கு வேறொரு கட்டிடத்தில் கிடப்பது நினைவுக்கு வரவில்லை. வவுச்சர் போடாமல் எந்த அரசாங்கத்தாலும் ஒரு பேயைக்கூட வளர்க்க முடியாது, ஆர். அரசு அலுவலகத்தில் ஒரு நாற்காலிக்குக் கால் மாற்ற விண்ணப்பித்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

அமெரிக்க ராணுவம் உண்மையாகவே ஒரு ஆர்கேட் இயந்திரம், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டி, கேட்டது. அட்டாரி நிறுவனத்தின் ‘பேட்டில்ஸோன்’ என்ற டாங்கி விளையாட்டைப் பார்த்துவிட்டு, பிராட்லி கவச வாகனத்தில் சுடுபவர்களுக்குப் பயிற்சி தர அதை மாற்றித் தரச் சொன்னார்கள். அதை வடிவமைத்த எட் ராட்பெர்க் மனமில்லாமல்தான் செய்து கொடுத்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே செய்யப்பட்டும் ஒன்று தப்பிப் பிழைத்துச் சேகரிப்பாளர் கையில் இருக்கிறது. பாலிபியஸுக்கோ ஒரு பெட்டி இல்லை, சர்க்யூட் பலகை இல்லை, விளம்பரம் இல்லை, விற்றவன் பில் இல்லை. 1990-களின் இறுதிக்கு முன் அச்சில் ஒரு வரி இல்லை. தயாரித்ததாகச் சொல்லப்படும் நிறுவனத்தின் பெயர், ‘புலனழிப்பு’ என்பதை அரைகுறை ஜெர்மனில் சொல்வது. பாலிபியஸ் யார் தெரியுமா? நேரில் கண்டவர்களை விசாரிக்காமல் வரலாறு எழுதாதே என்று சொன்ன கிரேக்க வரலாற்றாசிரியர். பிறந்த நாடு ஆர்காடியா, ‘ஆர்கேட்’ காதில் விழுகிறதா? கதை கட்டியவர் கண்ணடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

நடந்தது வேறு. 1981-இல் போர்ட்லண்டில் ஒரே கடையில் ஒரே நாளில் இரண்டு பையன்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஒருவனுக்கு ‘டெம்பஸ்ட்’ ஆடும்போது ஒற்றைத் தலைவலி. இன்னொருவனுக்குப் பன்னிரண்டு வயது. சாதனை படைக்க ‘அஸ்டராய்ட்ஸ்’ விளையாட்டை 28 மணி நேரம் ஆடியிருக்கிறான், குளிர்பானத்தைக் குடித்துக்கொண்டே. வயிற்றைப் பிடித்துக்கொண்டான். சில நாள் கழித்து மத்திய அரசின் விசாரணை அதிகாரிகள் வந்தது, சூதாட்டத்துக்கு இயந்திரங்களைத் திருத்தியிருக்கிறார்களா என்று பார்க்க. இருபது வருடம் ஊறியதில் அந்தப் பையனின் வயிறு காணாமல் போய், கறுப்புக் கோட்டுகள் மட்டும் மிஞ்சின.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் ஒரு கதை கட்டியவன்.

பதினொரு வயது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சோடாக் கடையில் அப்படியொரு பெட்டி வந்தது. பிடியின் உருண்டை கழன்றுபோய், அதற்குப் பதில் சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் உறையை மாட்டியிருந்தார் கடைக்காரர். ஆடி முடித்தால் உள்ளங்கையில் ரப்பர் வாசனை அடிக்கும். அம்மா மத்தியானத்துக்குக் கொடுத்த காசு ஐந்து நாள் அந்தப் பெட்டிக்குள் போனது. ஐந்தாம் நாள் விழுந்துவிட்டேன். வீட்டில் கேட்டபோது பசி என்று சொன்னால் காசு எங்கே என்பார்கள். திரையிலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது, தலைக்குள் யாரோ பேசினார்கள் என்றேன்.

அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். பொழுது சாய்வதற்குள், அந்தப் பெட்டியில் ஆடிய ஒரு பையன் பக்கத்து ஊரில் செத்தே போனதாகத் தெரு பேசியது. அப்பா நான்கு பேரோடு போய்க் கடையில் சத்தம் போட்டார். மறுவாரம் பெட்டி இல்லை. அரசாங்கம் தூக்கிப் போய்விட்டதாகப் பெரியவர்களே சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

கல்லூரி விடுமுறையில் ஒருநாள் அந்தக் கடைக்குப் போனேன். பெட்டி பின்கட்டில் சாக்குப் போர்த்திக் கிடந்தது, அதன் மேல் காலி சோடாப் புட்டிகள். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “இப்போதாவது வேளைக்குச் சாப்பிடுகிறாயா தம்பி?” என்றார். அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஒரு சோடா குடித்துவிட்டு, காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாவல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போர்ட்லண்டிலும் அந்த 28 மணி நேரமும் கல்லாவில் ஒரு கடைக்காரர் உட்கார்ந்திருந்திருப்பார். அவரிடமிருந்து தொடங்கலாம். இன்றிரவு வேண்டாம்.